மணி அடித்ததும் கெர்னல் என்ன செய்கிறது? இன்டரப்ட் ஹேண்ட்லர் பற்றி ஓர் எளிய விளக்கம்

கடலூர் திருப்பாப்புலியூரில் தேரடிப் பக்கம் ஒரு சந்தில் என் சித்தி தையல் கடை வைத்திருக்கிறார். வாசலில் கம்பி கேட், அதில் ஒரு மணி. அவர் பிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் என்ன செய்கிறார் என்று வரிசையாகக் கவனித்துப் பாருங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது எழுந்துவிட மாட்டார், அந்த ஒரு தையல் முடிந்து ஊசி மேலே வரட்டும் என்று விடுவார், எதுவரை தைத்தோம் என்பதற்குத் துணியில் சாக்பீஸால் சின்னக் கோடு ஒன்று போடுவார், அப்புறம்தான் கேட்டுக்குப் போவார். வந்தவரிடம் துணியையும் அளவு பிளவுஸையும் வாங்கி, துண்டுச் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிக் குண்டூசியால் குத்தி, பையில் போட்டுவிட்டு நேராக மெஷினுக்குத் திரும்பிவிடுவார். வெட்டுவது, தைப்பது, ஹூக் வைப்பது எதுவும் அப்போது நடக்காது. "வாங்கி வைக்க ஒரு நிமிஷம் போதும்டா. வந்த துணிய அங்கயே நின்னு வெட்ட ஆரம்பிச்சா கையில இருக்கிறது என்னைக்கு முடியும்?" என்று ஒரு முறை கேட்டார்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இன்டரப்ட் ஹேண்ட்லர் எழுதப்போகும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது, எனக்கு நிற்கவில்லை. ஹேண்ட்லர் என்பது வேறொருவருடைய நேரத்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ஒன்று என்பது புரிந்த பிறகு, விதிகள் ஒவ்வொன்றும் ஏன் இருக்கின்றன என்று எனக்குத் தானாகவே விளங்கின. அந்த வழியாகவே சொல்லிப் பார்க்கிறேன். உதாரணங்கள் லினக்ஸ் கெர்னலிலிருந்து.

முதலில், மணி எதற்கு? மணி இல்லாவிட்டால் சித்தி நாலு தையலுக்கு ஒரு முறை எழுந்து போய் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கணினியில் இதற்குப் போலிங் என்று பெயர். நீங்கள் வேகமாகத் தட்டி வினாடிக்கு 10 எழுத்து அடிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவின் கடிகாரம் அந்த ஒரு வினாடியில் 300 கோடி முறை துடிக்கிறது, அதாவது இரண்டு எழுத்துக்கு நடுவே 30 கோடித் துடிப்பு. அவ்வளவு நேரமும் கீபோர்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. எப்போதாவது பார்த்தால் போதும் என்று விட்டால் எழுத்து திரைக்குத் தாமதமாக வரும். அதனால் கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு, டைமர் என்று எல்லாச் சாதனங்களும் தேவை வரும்போது தாமே சிபியுவைக் கூப்பிடட்டும் என்று வைத்தார்கள். அந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட், தமிழில் குறுக்கீடு. அதற்கு எழுந்து போய் ஆக வேண்டியதைச் செய்கிற சிறிய ஃபங்ஷன்தான் ஹேண்ட்லர்.

கூப்பாடு நேராகச் சிபியுவின் காதில் விழுவதில்லை, நடுவில் இன்டரப்ட் கன்ட்ரோலர் என்ற சிப் இருக்கிறது. பழைய பிசிக்களில் அது இன்டெல் 8259, ஒரு சிப்புக்கு 8 கம்பி. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் இரண்டு சிப் இருந்தன, இரண்டாவதை முதலாவதுடன் கோப்பதற்கே ஒரு கம்பி போய்விட்டதால் சாதனங்களுக்கு மிஞ்சியது 15. பிறகு வந்த ஏபிஐசி, பல சிபியுக்கள் இருக்கும் மெஷினில் எந்த மணியை யாருக்கு அனுப்புவது என்பதையும் பார்த்துக்கொள்கிறது. இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகளுக்குத் தனிக் கம்பியே இல்லை, குறிப்பிட்ட ஒரு முகவரியில் கார்டு ஓர் எண்ணை எழுதினால் அதுவே மணி அடித்ததாகக் கணக்கு. இதற்கு எம்எஸ்ஐ என்று பெயர், இதன் அடுத்த வடிவமான எம்எஸ்ஐ எக்ஸில் ஒரே கார்டு 2048 மணிகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

சிபியு பக்கத்தில் நடப்பது அப்படியே சித்தி செய்வதுதான். கையில் இருக்கும் கட்டளையை முடிக்கிறது, எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியையும் தன் அப்போதைய நிலையைச் சொல்லும் ஃப்ளாக்குகளையும் நினைவகத்தில் ஸ்டாக் என்ற இடத்தில் வைக்கிறது, அப்புறம் ஓர் அட்டவணையைப் பார்க்கிறது. எக்ஸ்86 சிபியுக்களில் அந்த அட்டவணைக்கு 256 வரிசை. முதல் 32, அதாவது 0 முதல் 31 வரை, சிபியுவின் சொந்தப் பிரச்சினைகளுக்கு, பூஜ்யத்தால் வகுப்பது, கேட்ட நினைவகப் பக்கம் கைக்கு எட்டாத பேஜ் ஃபால்ட் மாதிரியானவற்றுக்கு. மீதி வரிசைகள் வெளியிலிருந்து வரும் கூப்பாடுகளுக்கும் கெர்னல் தன் தேவைக்கு வைத்துக்கொள்ளும் வேறு சிலவற்றுக்கும். வந்த எண்ணுக்கு நேரே உள்ள முகவரிக்குச் சிபியு தாவுகிறது, அங்கே கெர்னலின் நுழைவுப் பகுதி மிச்சமிருக்கும் ரெஜிஸ்டர்களையும் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) பத்திரப்படுத்திவிட்டு, டிரைவரில், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் நிரலில், உள்ள ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். நடுவில் நிறுத்தப்பட்ட ப்ராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருந்த நிரலுக்கு, தன்னை யாரோ நிறுத்தினார்கள் என்பதே தெரியக் கூடாது.

இந்த மணி எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் அடிக்கலாம் என்பது சாதாரண விஷயம் இல்லை. நெதர்லாந்தின் எக்ஸ்1 கணினிக்கு 1950-களின் இறுதியில் இன்டரப்ட் நிரல் எழுதிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவுக்கே இது அச்சம் தந்திருக்கிறது. மணி அதே இடத்தில் திரும்ப அடிக்கும் என்று நிச்சயமில்லாததால், ஒரு தவறு நடந்தால் அதை மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியாது. உங்கள் ஹேண்ட்லரில் பிழை இருந்து, ஆயிரம் முறை ஒழுங்காக ஓடி ஆயிரத்தொன்றாவது முறை மெஷின் நின்றால், அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மணியிலும் இரண்டு வகை உண்டு, கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஓல்டு டவுன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், இறக்கும்வரை அது மேலேயே இருக்கும். காலையில் பார்க்கத் தவறியவர் மதியம் பார்த்தாலும் தெரியும். இது லெவல் வகை: சாதனம் தன் பிரச்சினை தீரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டு வேறு மாதிரி, வெடித்த நொடியில் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் போனது போனதுதான். இது எட்ஜ் வகை: கம்பியின் நிலை மாறுகிற அந்த நொடிதான் செய்தி. லெவல் வகையில் ஹேண்ட்லர் சாதனத்திடம் "கவனித்துவிட்டேன்" என்று சொல்லிக் கூண்டை இறக்க வைக்காமல் திரும்பினால், திரும்பிய மறுகணமே அதே இன்டரப்ட் மறுபடி வரும், மறுபடி, மறுபடி, மெஷின் வேறு எதுவும் செய்யாது. புதிதாக டிரைவர் எழுதுபவர்கள் பலரும் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சரி, ஹேண்ட்லருக்குள் என்ன செய்யக் கூடாது? தூங்கக் கூடாது. இது ஏன் என்று நான் கற்றுக்கொண்டது ஒரு தண்ணீர்த் தொட்டியில்.

சித்தி வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் போட்டு, அதிலிருந்து ஒயர் இழுத்து, லினக்ஸ் ஓடும் ஒரு சிறிய போர்டில் இணைத்தேன். தொட்டி நிரம்பினால் கீழே கடையில் பஸ்ஸர் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். டிரைவரும் நானே எழுதினேன். தண்ணீர் விழும் வேகத்தில் மிதவை ஆடும், ஆடும்போது சுவிட்சின் தொடர்பு ஒட்டி விலகி ஒட்டி விலகி, ஒரு முறை நிரம்புவதற்குப் பத்து இருபது இன்டரப்ட் வந்துவிடும். ஆட்டம் அடங்கட்டும் என்று ஹேண்ட்லருக்குள்ளேயே 50 மில்லிசெகண்ட் தூங்கச் சொல்லி எம்ஸ்லீப் போட்டேன். முதல் முறை தொட்டி நிரம்பியதுமே 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்ற எச்சரிக்கையோடு பக்கம் பக்கமாகத் திரையில் ஓடியது, போர்டு உறைந்து நின்றது. தொட்டி வழிந்து படியெல்லாம் தண்ணீர்.

ஒரு ப்ராசஸ் தூங்குகிறது என்றால், கெர்னல் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை ஓட்டுகிறது, நேரம் வந்ததும் அதை எழுப்புகிறது. எழுப்புவதற்கு அதற்கென்று ஒரு பெயரும் இடமும் வேண்டும். ஹேண்ட்லருக்கு அது கிடையாது. மணி அடித்த நேரத்தில் எந்த ப்ராசஸ் ஓடிக்கொண்டிருந்ததோ அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து ஓடுகிறது அது. ஹேண்ட்லர் தூங்கினால், சம்பந்தமே இல்லாத அந்த ப்ராசஸும் சேர்ந்து நின்றுவிடும். மேலும் ஹேண்ட்லர் ஓடும்போது அந்தச் சிபியுவில் மற்ற இன்டரப்ட்டுகள் மூடி வைக்கப்பட்டிருக்கும். டைமர் மணி உட்பட எல்லாம் வாசலில் காத்து நிற்க, தன்னை எழுப்ப வேண்டிய டைமருக்கே கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போவது போலத்தான் ஆகும்.

இதிலிருந்து மற்ற விதிகள் தானாக வரும். மியூட்டெக்ஸ் என்ற பூட்டை எடுக்கக் கூடாது, அது கிடைக்காவிட்டால் தூங்க வைக்கும். நினைவகம் கேட்பதானால் ஜிஎஃப்பி அட்டாமிக் என்று சொல்லிக் கேட்க வேண்டும், வழக்கமான 'ஜிஎஃப்பி கெர்னல்' என்ற வகை, இடம் காலியாகும்வரை காத்திருக்கக் கூடியது. யூசர் நினைவகத்தை, அதாவது சாதாரண நிரல்களின் நினைவகத்தை, தொடக் கூடாது, அந்த நினைவகப் பக்கம் (பேஜ்) டிஸ்கில் இருந்தால் அதைக் கொண்டுவரக் காத்திருக்க நேரும், தவிர அப்போது ஓடிக்கொண்டிருந்தது எந்த ப்ராசஸ் என்பதற்கும் எந்த நிச்சயமும் இல்லை.

அப்படியென்றால் நீளமான வேலையை எங்கே செய்வது? சித்தி துணியைப் போட்டு வைக்கும் அந்தப் பையில்தான் விடை இருக்கிறது. வாசலில் செய்வது ஒரு பாதி, மெஷினில் அப்புறம் செய்வது இன்னொரு பாதி. கெர்னல்காரர்கள் இதை டாப் ஹாஃப், பாட்டம் ஹாஃப் என்கிறார்கள். மேல்பாதி சாதனத்துக்குப் பதில் சொல்லி, தொலைந்துபோகக் கூடிய தகவலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புகிறது. கீழ்பாதிக்கு லினக்ஸில் பல வழிகள். சாஃப்ட் ஐஆர்க்யூ (ஐஆர்க்யூ என்பது இன்டரப்ட் ரிக்வெஸ்ட் என்பதன் சுருக்கம்) என்பது மிக வேகமானது, ஆனால் அது நெட்வொர்க், டிஸ்க், டைமர் போன்ற பெரிய தலைகளுக்கு மட்டும், டிரைவர் எழுதுபவர் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. அதுவும் அளவுக்கு மீறி ஓடிவிடாமல் இருக்க, சுமார் 2 மில்லிசெகண்ட் அல்லது 10 சுற்று என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், தாண்டினால் மிச்சம் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி என்ற த்ரெட்டின், அதாவது கெர்னல் தனியாக ஓட்டும் ஒரு வேலையோட்டத்தின், கைக்குப் போகும். டாஸ்க்லெட் அதன் மேல் கட்டியது, அதிலும் தூங்க முடியாது, புதிய நிரல்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒர்க்க்யூ என்பது காஜா எடுக்கத் தனி ஆள் வைத்தது மாதிரி, வேலை ஒரு கெர்னல் த்ரெட்டில் நடப்பதால் அங்கே தாராளமாகத் தூங்கலாம்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது த்ரெட்டட் ஐஆர்க்யூ. 2009-இல் 2.6.30 பதிப்பில் வந்தது. ரிக்வெஸ்ட் த்ரெட்டட் ஐஆர்க்யூ என்று பதிவு செய்யும்போதே இரண்டு ஃபங்ஷன் கொடுக்கலாம், முதலாவது வாசலுக்கு, இரண்டாவது ஒரு த்ரெட்டில் ஓட. வாசலில் செய்ய ஒன்றுமே இல்லை என்றால் முதலாவதை 'நல்' (NULL, ஒன்றுமில்லை) என்று விட்டுவிடலாம். ஆனால் அப்போது ஒன்ஷாட் என்ற ஃப்ளாக்கைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கெர்னல் பொதுவாகப் பதிவையே மறுத்துவிடும். காரணம் மேலே சொன்ன கூண்டுதான்: சாதனத்துக்குப் பதில் சொல்லப்போவது த்ரெட், அது எழுந்து வரும்வரை கம்பியை மூடி வைக்காவிட்டால் லெவல் இன்டரப்ட் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். என் தொட்டி டிரைவரை இப்படி மாற்றினேன். த்ரெட் எழுந்ததும் 50 மில்லிசெகண்ட் தூங்குகிறது, அப்புறம் சுவிட்ச் நிலையை ஒரு முறை படிக்கிறது, மாறியிருந்தால் மட்டும் பஸ்ஸரைத் தொடுகிறது. அன்றிலிருந்து படியில் தண்ணீர் வரவில்லை. நேரம் தவறாத அமைப்புகளுக்காகப் பல வருடம் தனியாக வளர்ந்து, 2024-இல் 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலுக்குள் வந்த ப்ரீஎம்ப்ட் ஆர்டி, ஏறக்குறைய எல்லா ஹேண்ட்லர்களையுமே இப்படி த்ரெட்டில் ஓட்டுகிறது.

பதிவு செய்வதிலும் நீக்குவதிலும் வரிசை முக்கியம். பதிவு செய்த அந்தக் கணத்திலிருந்து ஹேண்ட்லர் கூப்பிடப்படலாம், பதிவு செய்யும் ஃபங்ஷன் உங்களிடம் திரும்பி வருவதற்கு முன்பே கூட. ஆகவே ஹேண்ட்லர் தொடப்போகும் மாறிகள், பூட்டுகள், நினைவகம் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியாகப் பதிவு செய்யுங்கள், அதன் பிறகு சாதனத்தில் இன்டரப்ட்டைத் திறந்துவிடுங்கள். நீக்கும்போது இதைத் தலைகீழாக: முதலில் சாதனத்தின் வாயை அடைக்க வேண்டும், அப்புறம் ஃப்ரீ ஐஆர்க்யூ, கடைசியில்தான் நினைவகத்தை விடுவிப்பது. ஃப்ரீ ஐஆர்க்யூ, அந்த நேரத்தில் வேறு சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும், அந்த உத்தரவாதம் இருப்பதால்தான் அதன் பிறகு நினைவகத்தை விடுவிப்பதில் ஆபத்து இல்லை.

ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. ஒரே வீட்டில் மூன்று குடித்தனம், தெருக்கதவில் ஒரே காலிங் பெல் என்றால், மணி அடித்ததும் மூன்று வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்து "நம்ம வீட்டுக்கு வந்தவங்களா?" என்று கேட்க வேண்டும். அதே மாதிரி கெர்னல் அந்தக் கம்பியில் பதிவான எல்லா ஹேண்ட்லர்களையும் வரிசையாகக் கூப்பிடும். ஒவ்வொன்றும் தன் சாதனத்தின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, தன்னுடையதென்றால் கவனித்துவிட்டு 'ஹேண்டில்ட்' என்றும், இல்லையென்றால் 'நன்' என்றும் உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். உண்மையாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கெர்னல் இந்தப் பதில்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பியில் வந்த 1,00,000 இன்டரப்ட்டுகளில் 99,900-க்கு மேல் யாருமே சொந்தம் கொண்டாடவில்லை என்றால், 'நோபடி கேர்ட்' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே மூடிவிடும், பழுதான ஒரு சாதனம் மெஷினையே முடக்காமல் இருக்க. எப்போதும் 'ஹேண்டில்ட்' என்றே சொல்கிற சோம்பேறி ஹேண்ட்லர் ஒன்று இருந்தால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது.

அடுத்தது பூட்டு. சித்தியின் அளவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் யார் எழுதினாலும் முடியும்வரை அடுத்தவர் தொடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. சித்தியே எழுதிக்கொண்டிருக்கிறார், பாதியில் மணி. வாசலுக்குப் போனவர் அங்கே அதே நோட்டில் எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் நோட்டு 'வேறொருவர்' கையில் இருக்கிறது, அவர் முடிக்கட்டும் என்று நிற்கிறார். முடிக்க வேண்டியவரும் அவரேதான். கெர்னலில் ஒரு ப்ராசஸ் ஸ்பின்லாக்கை, அதாவது கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச் சுற்றிக் கேட்கும் வகைப் பூட்டை, பிடித்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லரும் அதே ஸ்பின்லாக்கைக் கேட்டால் இதுதான் நடக்கும், அந்தச் சிபியு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஹேண்ட்லரும் தொடும் தகவலுக்கு, ப்ராசஸ் பக்கத்தில் ஸ்பின்லாக் ஐஆர்க்யூசேவ் என்ற வகையைப் பயன்படுத்த வேண்டும். பூட்டு கையில் இருக்கும்வரை அந்தச் சிபியுவில் மணி அடிக்காது, பூட்டை விடும்போது முன்பு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கே திரும்பும். பூட்டைச் சில வரிகளுக்கு மேல் பிடித்திருக்காதீர்கள்.

கடைசியாக, மணி அடிப்பதே பாரமாகும் சமயம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் சித்தி அந்த மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுவார். ஒவ்வொரு ஆளுக்கும் எழுந்து போனால் தையலே நகராது. ஒரு பிளவுஸை முடித்ததும் தானே போய் நிற்பவர்களில் சிலரிடம் துணியை வாங்குவார், திரும்ப உட்கார்வார். வாசல் காலியானால் மணியை அவிழ்த்துவிடுவார். லினக்ஸின் நெட்வொர்க் டிரைவர்கள் செய்வதும் அச்சு அசலாக இதுதான், நாபி என்று பெயர். ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் தகவல் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக (துண்டுகளாக) வந்தால் வினாடிக்கு சுமார் 14.88 லட்சம் வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டரப்ட் என்றால் சிபியு பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே இருக்கும், வாங்கியதை எதுவும் செய்ய நேரம் இருக்காது. அதனால் முதல் பாக்கெட்டுக்கு மட்டும் இன்டரப்ட், உடனே கார்டின் மணியை மூடிவிட்டு, கெர்னலே போய் ஒரு நடைக்கு வழக்கமாக 64 பாக்கெட் வரை எடுத்து வருகிறது. ஒரு நடையில் 64-க்குக் குறைவாகவே கிடைத்தால் கூட்டம் குறைந்துவிட்டது என்று பொருள், மணியைத் திரும்பத் திறக்கிறது. வேண்டாம் என்று முதலில் ஒதுக்கிய போலிங், கூட்டம் அதிகமான இடத்தில் சரியான வழியாகிவிடுகிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமானால், லினக்ஸ் மெஷினில் ப்ராக் கோப்பகத்துக்குள் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் இன்டரப்ட் எண், அடுத்து ஒவ்வொரு சிபியுவும் அதை எத்தனை முறை கவனித்தது என்ற கணக்கு, வலப்பக்கக் கோடியில் பதிவு செய்யும்போது டிரைவர் கொடுத்த பெயர். என் போர்டில் அங்கே ஒரு வரியில் 'தொட்டி' என்று இருக்கிறது. வாட்ச் கட்டளை போட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தால், காலையில் மோட்டார் போட்டு வெகுநேரம் எண் அசையாது. அப்புறம் ஒன்று ஏறும், இன்னும் இரண்டு மூன்று ஏறும், மேலே மிதவை ஆடி அடங்குகிறது என்று கீழே கடையிலிருந்தே தெரியும், பஸ்ஸர் அடிக்கும், சித்தி ஊசி மேலே வரும்வரை காத்திருந்து சாக்பீஸை எடுப்பார்.